அதிகாரிக்குச் சொன்ன தோத்திரம்

செவிலிமேடு,
3-7-1972

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு, தங்கை பூவம்மாள் எழுதுவது.

அம்மா பாலாற்றுப் பக்கம் நடவுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் இதை எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஆறாவதோடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை தலையாரி முனிசாமி வந்தார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்ததும் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"தர்மன் வூடு இதானே? அங்க ஏம்மா ஒளிஞ்சிக்கினு இருக்கற, நான் என்ன புலியா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணன் மேல மொட்டைப் பெட்டிஷன் ஒண்ணு போயிருக்குது. இந்துன்னு சர்டிபிகேட் குடுத்து, சலுகையில போலீசுல சேர்ந்துட்டான், ஆனா குடும்பமே வேதத்துல சேர்ந்த குடும்பம்னு எவனோ எழுதிப் போட்டிருக்கான். தாலுகா ஆபீசுலேர்ந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதான் ஆர்.ஐ., வந்து விசாரிப்பாரு. வூட்டுல ஆள் இருக்கணும்" என்றார்.

எப்போது வருவார் என்று கேட்க வாய் வரவில்லை. அவரே, "இந்த மாசத்துக்குள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணா, நான் இன்று வேலைக்குப் போய் ராட்டையின் முன்னால் உட்கார்ந்தேனே தவிர, நூல் கண்ணில் படவில்லை. தறிக்கு நான் சுற்றிய தாரில் இழை மூன்று முறை அறுந்தது. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து வாசலைப் பார்க்கிறேன்.

உங்கள் சர்டிபிகேட்டில் இந்து என்றுதான் இருக்கிறதா? எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியுமா என்றும் தெரியாது. அவளிடம் சொல்லவில்லை. என்ன செய்யட்டும் என்று உடனே எழுதுங்கள்.

பூவம்மாள்

*

வேலூர்,
6-7-1972

பூவுக்கு,

இனிமேல் பயிற்சிப் பள்ளி முகவரிக்கு எழுதாதே. அங்கே வரும் கடிதங்கள் எல்லாம் ஹவில்தார் கை வழியாகத்தான் வரும். உன் கடிதத்தின் முதல் வரியை அவர் படித்திருந்தால் இன்று நான் இங்கே இருந்திருக்க மாட்டேன். எதிரே டீக்கடை வைத்திருக்கும் கலியாணசுந்தரம் நல்லவர். அவர் கடை விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடிதத்தின் தலைப்பில் கர்த்தர் என்றும் கிறிஸ்து என்றும் எழுதாதே. அண்ணனுக்கு என்று எழுதினால் போதும்.

ஆமாம், இந்து என்றுதான் இருக்கிறது. நான் நாலாவது படிக்கும்போதுதான் அப்பா நம் எல்லோரையும் கூட்டிப் போய் ஞானஸ்நானம் எடுத்தார். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அதற்கு முன்பே எழுதியாகிவிட்டது. வாத்தியார், "அப்படியே கிடக்கட்டும்யா, மாத்தினா பையனோட உபகாரச் சம்பளம் நின்னுபூடும்" என்றார். அப்பா சரி என்றார். அந்த எழுத்துதான் இன்றுவரை என்னோடு வருகிறது. போலீஸில் சேரும்போது உயரம் அரை அங்குலம் குறைந்தது. நம் சாதிக்கு அதில் சலுகை உண்டு. ஆனால் இந்துவாக இருந்தால்தான் உண்டு. நான் இந்து என்று கையெழுத்துப் போட்டேன்.

இதில் என்ன தப்பு என்று நீயே சொல். கோயிலுக்குப் போகாமல் சபைக்குப் போனதால் நம்மை யாராவது ஊருக்குள் வீடு கட்டவிட்டார்களா? நம் ஊர் டீக்கடையில் எனக்கு எப்போதும் தனி டம்ளர். இங்கே காக்கிச் சட்டையோடு போய் நின்றால் எல்லோருக்கும் கொடுக்கிற டம்ளரில் எனக்கும் கொடுக்கிறார்கள். அது போய்விடக் கூடாது.

ஆர்.ஐ. வரும் அன்று அம்மாவை வேலைக்கு அனுப்பிவிடு. அம்மாவுக்குப் பொய் வராது, வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். சுவரில் இருக்கும் வசனக் காலண்டரை எடுத்துவிடு. வேதப் புத்தகத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் அரிசிப் பானைக்குள் வை. நெற்றியில் பொட்டு வைத்துக்கொள். கேட்டால், இந்து என்று சொல். ஒரே ஒரு வார்த்தை. பிறகு அவர் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடு. வேறு எதுவும் பேசாதே. நீதான் பேசாத பெண்ணாயிற்றே, உனக்கு அது கஷ்டமில்லை.

தர்மன்

*

செவிலிமேடு,
13-7-1972

அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி தலைப்பில் ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் ஆரம்பிக்கக் கை கொஞ்ச நேரம் நின்றது.

காலண்டரை எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்துத் தெரிகிறது. பார்க்கிறவர்களுக்கு அதுவே சொல்லிவிடும் போல இருந்தது. அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துப் பூசினேன், அது இன்னும் மோசமாகிவிட்டது. அம்மா கேட்டதற்குக் காலண்டரைக் கரையான் அரிக்கிறது என்று சொன்னேன். அது முதல் பொய்.

குங்குமத்துக்கு நான் வேலை செய்யும் தறி வீட்டில் காந்தா அம்மாவிடம் கேட்டேன். தலைவலிக்குப் பற்றுப் போட என்றேன். அது இரண்டாவது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "குங்குமத்துல எவடி பத்து போடுவா? வேதக்காரப் பொண்ணுக்குக் குங்குமம் எதுக்கு? எவனாவது கோயில்காரப் பையன் கண்ணுல பட்டுட்டானா?" என்றார். தறியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனாலும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நம் சபை உபதேசியாரிடம் போனேன். "ஒரு காரியம் கேக்கணும்" என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். தலையாரி அவர் காதிலும் போட்டிருக்கிறார். "என்கிட்ட ஒண்ணும் சொல்லாத பூவு. என்னைக் கேட்டா நான் ஞானஸ்நானப் புஸ்தகத்தை எடுத்துக் காட்டணும். கேக்காத வரைக்கும் நான் ஒண்ணும் தெரியாதவன்" என்றார். சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவரும் பயப்படுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்றைக்கும் அவர் வழக்கம்போல அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்காக ஜெபம் செய்யச் சொன்னார். பெரிய மந்திரி, சின்ன மந்திரி, கலெக்டர், தாசில்தார் என்று வரிசையாக வரும் அல்லவா. சின்ன வயதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கும் முகம் கிடையாது. இந்த வாரம் ஆமென் சொல்லும்போது, இவர்களில் ஒருவர் நம் வீட்டுக்கு வரப்போகிறார், அவரிடம் நான் பொய் சொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். பாதியிலேயே கண்ணைத் திறந்துவிட்டேன்.

அண்ணா, வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினால் போதுமா? அல்லது நீங்கள் ஒரு நாள் லீவு போட்டு வந்து நீங்களே சொல்லக் கூடாதா? அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிவது ஆண்டவருக்குக் கீழ்ப்படிவது போல என்று அப்பா சொல்வார். ஏட்டய்யா சைக்கிளில் போனால் அப்பா தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார், அவர் திரும்பிப் பார்க்காவிட்டாலும். எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பூவம்மாள்

*

வேலூர்,
17-7-1972

பூவு,

லீவு கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். நான் வர முடியாது.

தலையை ஆட்டுவது, கையை ஆட்டுவது எல்லாம் வேண்டாம். ஊமை என்றா எழுதிக்கொள்வார்? சொல்ல வேண்டியதைச் சொல்.

கீழ்ப்படிய வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறாய். அப்பா இல்லாத வீட்டில் நீ யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும்? வேலை பார்த்து அம்மாவை உட்காரவைத்துச் சோறு போடப்போகிறவன் நான். உனக்குக் கல்யாணம் செய்யப்போகிறவன் நான். நான் சொல்வதைக் கேள். எங்கிருந்தோ ஒரு நாள் வந்து போகிறவருக்குக் காட்டும் மரியாதையில் பாதியையாவது அண்ணனுக்குக் காட்டு.

அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தது மரியாதை இல்லை. பயம். உனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தர்மன்

*

செவிலிமேடு,
21-7-1972

அண்ணனுக்கு,

நேற்று வந்தார்கள். இதை எழுத ஒரு நாள் ஆகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் நிறுத்திவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். அம்மா நடவுக்குப் போய்விட்டாள். புத்தகங்கள் பானைக்குள் இருந்தன. பொட்டு வைத்துக்கொண்டு தண்ணீர்த் தவலையில் முகத்தைப் பார்த்தேன், வேறு யாரோ போல இருந்தது. இந்து, இந்து என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

பதினொரு மணி இருக்கும். ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணமும் தலையாரியும் முன்னால் வந்தார்கள். ஆர்.ஐ. பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஜீப்பில் வருவார், அதட்டுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடியின் ஒரு காதில் நூல் கட்டியிருந்தார். வெயிலில் வந்ததால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நம் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டார். அண்ணா, நம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த அதிகாரியை நான் பார்த்ததில்லை. கர்ணம் கழற்றவில்லை, வெளியிலேயே வேப்பமர நிழலில் நின்றுகொண்டார்.

எழுந்து நின்றேன். கை தானாகக் குவிந்தது. "தோத்திரம் ஐயா" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. நீங்கள் எழுதிய எதிலும் அது இல்லை, காலண்டர் இருந்தது, புத்தகம் இருந்தது, பொட்டு இருந்தது, இது இல்லை. நான் சபைக்கு வெளியே பெரிய மனிதர் யாரோடும் பேசியதில்லை. போதகர் வந்தால் அதைத்தான் சொல்வேன். உபதேசியாருக்கும் அதைத்தான் சொல்வேன். பெரியவர் ஒருவரைப் பார்த்து மனதுக்குள் பயமும் மரியாதையும் வந்தால் என் வாய்க்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

கர்ணம் வெளியிலிருந்து சிரித்தார். "பொட்டு பேசல சார், வாய் பேசிடுச்சு. எழுதிக்கினு வாங்க, போலாம்" என்றார்.

ஆர்.ஐ. சிரிக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் கேட்டார். நான் கொடுக்கலாமா என்று தலையாரியைப் பார்த்தேன். "குடும்மா, கேக்கறாரில்ல" என்றார். டம்ளரில் கொடுத்தேன். வாயில் வைத்துக் குடித்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த மாதிரி வார்த்தை பக்கத்து வீட்டுல சொல்லக் கேட்டும் வரலாம். அதை வச்சு நான் எதுவும் எழுதக் கூடாது. நான் கேக்கறதுக்கு நீ என்ன சொல்றியோ அதைத்தான் எழுதுவேன். நீங்க எந்த மதம்மா?"

அவரே வழியைக் காட்டிவிட்டார், அண்ணா. பக்கத்து வீட்டில் கேட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். இந்து என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கில்தான் இருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். நான் சொல்வதை அப்படியே நம்புவதற்குத் தயாராக ஒருவர் உட்கார்ந்திருந்தது எனக்கு அதுவே முதல் தடவை. அதட்டியிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன்.

"நாங்க சபைக்குப் போறவங்க ஐயா" என்றேன். "அண்ணன் நாலாவது படிக்கும்போது எல்லாரும் ஞானஸ்நானம் எடுத்தோம். நான் அப்ப கைக்குழந்தைக்குக் கொஞ்சம் மேல."

அவர் உடனே எழுதவில்லை. "யோசிச்சுச் சொல்றியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு எழுதினார். எழுதும் சத்தம் கேட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் பொட்டை அழித்தேன். அம்மா கேட்டதற்கு, உங்கள் வேலை விஷயமாக வந்தார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்களுக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. உங்களைவிட அவர் பெரியவர் என்று நினைத்தும் சொல்லவில்லை. நீங்கள் என்ன எழுதினாலும் எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள்.

பூவம்மாள்

*

(தபால் அட்டை)

வேலூர்,
25-7-1972

கடிதம் கிடைத்தது. தண்ணீர் குடித்தவருக்காக அண்ணன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாய். வெள்ளிக்கிழமை போகாதே. காய்ச்சல் என்று சொல். கையெழுத்துப் போடாத வரைக்கும் அது வெறும் பேச்சுதான். போட்டுவிட்டால் இனி எனக்கு எழுத வேண்டாம். எனக்குத் தங்கை இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

தர்மன்

*

செவிலிமேடு,
29-7-1972

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள். அவசரம்.

உங்கள் அட்டையை எல்லோரும் படித்திருக்கிறார்கள். தபால்காரர் என்னிடம் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. மறைவாக எழுதச் சொன்ன நீங்களே அட்டையில் எழுதினீர்கள் என்றால் எவ்வளவு கோபம் இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

நேற்று தாலுகா ஆபீசுக்குப் போனேன். காய்ச்சல் என்று சொல்லத்தான் நினைத்தேன். தலையாரி வாசலில் வந்து நின்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்துவிட்டேன். வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்றே நடந்தேன்.

அங்கே என்னை ஒரு மணி நேரம் சுவரோரம் நிற்கவைத்தார்கள். ஒரு கிளார்க், "அண்ணனைக் காட்டிக் குடுக்க வந்த தங்கச்சி இதுதானா?" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னார். நான் கேட்காதது போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆர்.ஐ. கூப்பிட்டார். எழுதியதை மெதுவாகப் படித்துக் காட்டினார். நான் சொன்னதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். பேனா வழுக்கியது.

போட்டுவிட்டு நான் நகரவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரியிடம் நானாகக் கேட்டேன். "எங்க அண்ணனை ஜெயில்ல போட்டுடுவாங்களா ஐயா?"

"பள்ளிக்கூடப் பதிவை மாத்தாம விட்டப்ப அவனுக்கு என்ன வயசு?"

"ஒம்போதுங்க."

"அது அவன் குத்தம் இல்லை. போலீசுல சேரும்போது கையெழுத்துப் போட்டானே, அது அவன் குத்தம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் ரிப்போர்ட் ஏழாம் தேதி இங்கேர்ந்து போவுது. அதுக்கு முன்னால அவனே அவன் ஆபீசர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிட்டா, அநேகமா வேலையோட போயிடும். பேப்பர் போய் மாட்டினான்னா ஏமாத்தினான்னு கேஸ் ஆவும். அப்புறம் எந்தச் சர்க்கார் வேலைக்கும் மனுப் போட முடியாது."

"இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடக் கூடாதுங்களா?"

"இதுவரைக்கும் தள்ளித்தாம்மா வச்சிருக்கேன். இதுக்கு மேல தள்ளினா நான் பொய் சொன்னவன் ஆவேன்."

இதுதான் அண்ணா விஷயம். ஏழாம் தேதி திங்கட்கிழமை. அதற்குள் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும். என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். அப்பா துண்டை எடுத்தது பயம் என்றீர்கள். இருக்கலாம். எனக்கும் பயம்தான், பயம் இல்லாமல் மரியாதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பயத்துக்காகப் பொய் சொன்னால் அவரை நான் ஏமாற்றத்தான் செய்கிறேன், மதிக்கவில்லை. அவருக்காக ஜெபம் செய்துகொண்டே அவரை ஏமாற்ற எனக்கு வரவில்லை. உங்களை மதிக்கிறேன். நீங்கள் சொல்லும் மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்வேன், நீங்கள் உட்கார் என்றால் உட்காருவேன். இந்த ஒன்றை மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

நான் அன்று சொன்னதால்தான் இந்த ஆபத்து. அது தெரியும். சபையில் கண்ணை மூடினால் உங்களைக் கையில் விலங்கோடு பார்க்கிறேன். போய்ச் சொல்லுங்கள் அண்ணா.

பூவம்மாள்

*

செவிலிமேடு,
2-8-1972

அண்ணா,

இன்றும் தபால்காரர் நம் தெருப் பக்கம் வரவில்லை. கடிதம் கிடைத்ததா? டீக்கடைக்காரர் கொடுத்தாரா? திங்கட்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். இது போய்ச் சேர இரண்டு நாள் ஆகும்.

தலையாரியிடம் இதைச் சொன்னேன். "நானாவது போயி வேலூர்ல உங்கண்ணனைப் பார்க்கட்டுமா?" என்று அவரே கேட்கிறார். பெட்டிஷன் வந்த அன்று கதவுக்குப் பின்னால் நின்றேனே, அவரிடம் இப்போது நானே தெருவில் நிறுத்திப் பேசுகிறேன்.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "என்னாடி மறைக்கறீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்கிறாள்.

பூவம்மாள்

*

வேலூர்,
5-8-1972

பூவுக்கு,

உன் இரண்டு கடிதமும் என்னிடம்தான் இருக்கின்றன. முதல் கடிதத்தைக் கலியாணசுந்தரம் திங்கட்கிழமையே கொடுத்தார். பிரிக்காமல் இரண்டு நாள் பையில் வைத்திருந்தேன். புதன்கிழமை பிரித்தேன். படித்துவிட்டு ஓடிப்போய்விடலாம் என்று நினைத்தேன். பம்பாயில் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். வியாழக்கிழமை மாலை ரயில் நிலையம் வரைக்கும் நடந்துபோய், சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். மூன்று பேர் ஆனதும் வரிசையை விட்டு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

நேற்று காலைக் கவாத்து முடிந்ததும் ஹவில்தாரிடம் பெரிய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். "என்னடா குட்டை, கலெக்டர் வேலை கேக்கப் போறியா?" என்றார். உயரம் குறைந்ததால் எனக்கு இங்கே அந்தப் பெயர். உள்ளே விட்டார்கள்.

சல்யூட் அடித்தேன். நாலு மாதத்தில் அதைவிடச் சரியாக நான் அடித்ததில்லை. பிறகு சொன்னேன். நாலாவது படித்தது, அப்பா, வாத்தியார், நான் போட்ட கையெழுத்து, மொட்டைப் பெட்டிஷன், எல்லாவற்றையும். நடுவில் ஒரு முறை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அவர் காத்திருந்தார்.

"தாலுகா ஆபீஸ் பேப்பர் வந்துட்டுதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா. ஏழாம் தேதி கிளம்புமாம்."

"வராத பேப்பருக்கு நீயே ஏன்டா வந்து நிக்கிற?"

"என் தங்கச்சி சொல்லிட்டாங்க ஐயா."

"உன் தங்கச்சி யாரு, ஜில்லா ஜட்ஜா?"

"தார் சுத்தறாங்க ஐயா. பதினாறு வயசு."

அவர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். இந்த முறை மதம் என்ற இடத்தில் உள்ளபடி எழுதினேன். தொப்பி, பெல்ட், பூட்ஸ், இரண்டு சட்டை, எல்லாவற்றையும் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கேஸ் இருக்குமா இருக்காதா என்று அவர் சொல்லவில்லை. "ஓடிப் போகாதே. கூப்பிட்டா வரணும்" என்று மட்டும் சொன்னார். அதனால் இன்னும் கொஞ்ச நாளைக்கு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உன்னைப் போல நானும் எழுந்து வாசலைப் பார்ப்பேன்.

அந்த அட்டையில் எழுதியதை எழுதியிருக்கக் கூடாது. உன்னைப் பேசச் சொன்னதே தப்பு. நான் போட்ட கையெழுத்துக்கு நீ நின்று பதில் சொல்லும்படி விட்டேன். அதிலும், நீ வாய் பேசாத பெண், உனக்குச் சுலபம் என்று எழுதினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருகிறேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியில்தான் யோசிக்க வேண்டும். நான் வந்து சொல்லும் வரை நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். அம்மா கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல். இனி உன்னை எதையும் மறைக்கச் சொல்ல மாட்டேன்.

தர்மன்